மாவுக் குண்டானோடு ஃபிரிட்ஜ் வாங்கப் போன கதை

கடையில் இருந்த தம்பி முதலில் சிரிக்கத்தான் செய்தார். ஃபிரிட்ஜ் வாங்க வருகிறவர்கள் கையில் போன் இருக்கும், ஆஃபர் வந்த பேப்பர் இருக்கும். என் மாமியார் கையில் கட்டைப்பை. அதற்குள் மூடியோடு எங்கள் வீட்டு மாவுக் குண்டான். காலிக் குண்டான்தான், மாவு இல்லை. ஏ.சி. போட்ட ஷோரூமில் வரிசையாக நின்ற ஃபிரிட்ஜ்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே அதை வைத்து வைத்துப் பார்த்தார். ஏழில் நான்கு தோற்றுவிட்டன. ஒன்றில் தட்டுக்கு மேல் இடம் போதவில்லை. ஒன்றில் குண்டான் உள்ளே போனது, ஆனால் கதவு மூடவில்லை. கதவில் பாட்டில் வைக்கும் பகுதி வந்து இடித்தது.

“அம்மா, தட்டைக் கீழ இறக்கிக்கலாம்” என்றார் தம்பி.

“இறக்கினா கீழ காய் டிரே எப்பிடி இழுக்கும்? நீயே இறக்கிக் காட்டு.”

அவர் இறக்கினார், டிரேயை இழுத்தார், பிறகு சிரிக்கவில்லை.

எங்கள் வீடு மேட்டுப்பாளையம். கோயம்புத்தூர்ப் பக்கத்து மேட்டுப்பாளையம் இல்லை, ஊட்டி ரயிலும் கிடையாது. புதுச்சேரி மேட்டுப்பாளையம். பிப்டிக் தொழிற்பேட்டையும் லாரி முனையமும் இருக்கிற இடம். எங்களுக்குக் கடல் காற்றைவிட லாரிப் புழுதிதான் சொந்தம். வீட்டில் ஆறு பேர்: அத்தை, மாமா, நானும் வீட்டுக்காரரும், பெரியவள், சின்னவன். சமையலறை எட்டுக்கு ஏழு அடி. அதற்குள் கேஸ் அடுப்பு, கிரைண்டர், தண்ணீர் கேன், அரிசி டிரம். மிச்சம் இருக்கிற மூலையில்தான் ஃபிரிட்ஜ்.

பழையது 2010இல் வாங்கிய சிங்கிள் டோர், 190 லிட்டர். மறு வருஷமே தானே புயல் வந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் புதுவைக்கும் கடலூருக்கும் நடுவில் கரை ஏறிய புயல். எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப நாளாயிற்று, அதுவரை அது வெறும் அலமாரியாக நின்றது. அத்தை அதில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வைத்திருந்தார், நனையாத இடம் அது ஒன்றுதான். பிறகு 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை. வாசற்படி தாண்டித் தண்ணீர் வந்தபோது வீட்டுக்காரர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபிரிட்ஜை இரண்டு செங்கல் உயரத்துக்குத் தூக்கினார். முதலில் பிளக்கைப் பிடுங்கியது நல்ல காரியம். கம்ப்ரஸர் ஃபிரிட்ஜின் அடியில்தான் இருக்கிறது. தண்ணீர் தொட்டுவிட்டால், மெக்கானிக் பார்க்காமல் சுவிட்சைப் போடவே கூடாது. அந்த இரண்டு புயலையும் தாண்டிய ஃபிரிட்ஜ் அடுத்த சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் ‘டொக்’ என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. மெக்கானிக் அண்ணன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “கம்ப்ரஸர் போச்சும்மா, இதுக்குச் செலவு பண்ணாதீங்க” என்றார்.

உடனே கடைக்கு ஓடாமல் ஒரு வாரம் தள்ளினோம். கொள்கை ஒன்றும் இல்லை, சம்பளத் தேதி வரவில்லை. அந்த ஒரு வாரம் ஃபிரிட்ஜ் இல்லாமல் இருந்தபோதுதான் அது எங்கள் வீட்டில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. காலண்டர் தாளின் பின்னால் எழுதினேன், எதற்கெல்லாம் கை பழக்க தோஷத்தில் அந்த மூலைக்குப் போகிறது என்று. முதலிடம் மாவு. இரண்டாவது பால். மூன்றாவது மாமாவின் இன்சுலின், அதைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வேளாவேளைக்குப் போய் வாங்கிவந்தோம். பிறகு கறிவேப்பிலை, கொத்தமல்லி, அத்தையின் மல்லிகைச் சரம், ஞாயிற்றுக்கிழமை மீன். ஐஸ் கட்டி என்று எழுதவே இல்லை. பழைய ஃபிரிட்ஜில் கதவு முழுக்க அடைத்திருந்த சாஸ் பாக்கெட்டுகளையும், மூன்று வருஷத்துக் கேக் கிரீமையும், பெயர் தெரியாத பொடி டப்பாக்களையும் அந்த வாரம் ஒருவரும் தேடவில்லை.

வீட்டுக்காரருக்கு வேறு கனவு. இரண்டு கதவும் பீரோ மாதிரி திறக்கும் சைட் பை சைட். அவருடைய கூட்டாளி வாங்கியிருக்கிறாராம். நான் டேப்பை எடுத்துக் கொடுத்தேன். அந்த வகை கிட்டத்தட்ட 90 செ.மீ. அகலம். எங்கள் சமையலறை வாசல் 75. அந்த ஆசை டேப்போடு சுருண்டுகொண்டது.

இடத்தை அளப்பது என்றால் ஃபிரிட்ஜ் நிற்கும் சதுரத்தை மட்டும் அளந்தால் போதாது. இதை நான் பழையதில் பட்டுத்தான் கற்றேன். எங்கள் மூலையில் வலது பக்கம் சுவர். கதவுக் கீலும் வலது பக்கம். கதவு சுவரில் முட்டி, பாதிக்குச் சற்று மேல்தான் திறக்கும். சாமான் எடுக்க அது போதும், ஆனால் காய்கறி டிரேயை முழுதாக வெளியே இழுக்கக் கதவு இன்னும் விரிய வேண்டும். பதினாலு வருஷம் அந்த டிரேயைச் சாய்த்துச் சாய்த்தே எடுத்துக் கழுவினோம். இந்த முறை கிரைண்டரை இடம் மாற்றி, சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஒரு சாண் விட்டோம்.

அந்த ஒரு சாண் இன்னொன்றுக்கும் வேண்டும். ஃபிரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான் அதன் தொழில். முன்பெல்லாம் முதுகில் கறுப்புக் கம்பி வலை தெரியும், சூடு அதன் வழியாகப் போகும். இப்போது பல மாடல்களில் அந்தக் குழாய்களைப் பக்கத் தகட்டுக்குள்ளேயே புதைத்துவிடுகிறார்கள். முதுகு வழவழ என்று இருக்கும், விலாப்பக்கம் சுடும். புதிதாக வாங்கியவர்கள் தொட்டுப் பார்த்துப் பதறி சர்வீஸுக்குப் போன் செய்வதும் இதனால்தான். சூடு வெளியேற இடம் இல்லாமல் சுவரோடு ஒட்டி வைத்தாலோ, எங்களைப் போல அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினாலோ, கம்ப்ரஸருக்கு ஓய்வே இருக்காது. பழையது ஏன் போனது என்று என்னைக் கேட்டால், வயசு பாதி, அடுப்புப் பக்கம் நிறுத்திய பாவம் பாதி. முதுகு வலையில் லாரிப் புழுதி கம்பளி மாதிரி படிந்திருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி பெரிய சண்டைக்கு வருகிறேன். சிங்கிள் டோரா, டபுள் டோரா?

சிங்கிள் டோர் பெரும்பாலும் டைரக்ட் கூல். ஃப்ரீசரில் இருந்து குளிர் தானாகக் கீழே இறங்கும், உள்ளே விசிறி கிடையாது. காற்று அலையாததால் ஈரம் நிற்கும். கறிவேப்பிலையும் பூவும் அதில் நன்றாகவே இருக்கும். விலையும் குறைவு, கரண்டும் குறைவு. குறை என்னவென்றால் ஃப்ரீசரில் ஐஸ் கட்டும். பட்டனை அழுத்தி, கரையும்வரை காத்திருந்து, தண்ணீரைத் துடைக்க வேண்டும். டபுள் டோர் ஃபிராஸ்ட் ஃப்ரீ. அதில் விசிறி குளிர்காற்றை எல்லா இடத்துக்கும் தள்ளும், அவ்வப்போது உள்ளுக்குள்ளே ஒரு ஹீட்டர் ஓடி ஐஸைக் கரைத்துவிடும், தண்ணீர் பின்னால் ஒரு தட்டில் விழுந்து கம்ப்ரஸர் சூட்டிலேயே ஆவியாகிவிடும். வேலை மிச்சம். ஆனால் அந்தக் காற்று வறண்ட காற்று. மூடாமல் வைத்த எதுவும் காயும். கொத்தமல்லி இரண்டே நாளில் துவண்டுவிடும், சோறு விறைத்துப்போகும்.

காத்திருக்கப் பொறுமை இல்லாத வீடுகளில் டைரக்ட் கூல் ஃப்ரீசருக்கு எமன் கத்திதான். என் அம்மா வீட்டில் நடந்தது. ஐஸ் பாளத்துக்குள் மாட்டிக்கொண்ட பால் பாக்கெட்டை எடுக்க அம்மா காய் நறுக்கும் கத்தியால் குத்தினார். ‘உஸ்’ என்று ஒரு பெருமூச்சு, அதோடு கேஸ் வெளியேறிவிட்டது. அந்த ஃப்ரீசர் பெட்டியின் சுவருக்குள்தான் கேஸ் குழாய் ஓடுகிறது. இன்றைய வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்கிற ஐசோபியூட்டேன் இருக்கிறது. நம் அடுப்பு சிலிண்டரில் இருப்பதன் பங்காளி, தீப்பிடிக்கும் கேஸ். சில பத்து கிராம்தான் நிரப்பியிருப்பார்கள் என்பதால் பயந்து சாக வேண்டாம், ஆனால் கத்தி வேண்டாம். ஓசோனை ஓட்டை போட்ட பழைய கேஸ்களை ஒழிக்க 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு, பிறகு வந்த ஆர்134ஏ ஓசோனைத் தொடாவிட்டாலும் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் என்று அதையும் ஒதுக்கி, கடைசியில் இதற்கு வந்திருக்கிறார்கள். ரிப்பேர் செய்ய வருகிறவர் ஆர்600ஏ வேலை தெரிந்தவரா என்று கேட்டுவிட்டு உள்ளே விடுங்கள்.

நாங்கள் ஃபிராஸ்ட் ஃப்ரீயைத் தேர்ந்ததற்கு மீன்தான் காரணம். ஞாயிறு பெரிய மார்க்கெட்டில் வாங்குவது ஒருநாளுக்கு மேல் தங்காது என்றாலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் இருக்கிறதே! அதற்கு முந்தின வாரம் வீட்டுக்காரர் வஞ்சிரம் வாங்கித் துண்டு போட்டுப் பதுக்குவார். பழைய ஃபிரிட்ஜின் தீப்பெட்டி ஃப்ரீசரில் அது ஐஸோடு ஐஸாகிப் பாறையாகிவிடும். தனிக் கதவு போட்ட ஃப்ரீசர் என்றால் மீன் வாசனை மாவில் ஏறாது என்று அத்தை கணக்குப் போட்டார். அது முழுக்க உண்மை இல்லை, பல டபுள் டோர்களில் மேலும் கீழும் ஒரே காற்றுதான் சுற்றுகிறது. அத்தையிடம் நான் இதைச் சொல்லவில்லை. மூடி இறுக்கமான டப்பாவில் போட்டால் வாசனை எங்கேயும் போகாது. மீன் குழம்பு விஷயத்தில் மட்டும் எந்த ஃபிரிட்ஜும் ஜெயிக்க முடியாது. நான் சட்டியை உள்ளே வைப்பேன், அத்தை எடுத்துச் சுட வைத்து வெளியே வைப்பார். மறுநாள் ருசி யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

கறிவேப்பிலைக்கு ஒரு வழி: கழுவாமல், உருவிய இலையைத் துணியில் சுற்றி டப்பாவில் அடைத்துக் காய் டிரேயில் வைக்கிறோம். வாரம் தாங்குகிறது. மல்லிகைக்கு வாழை இலை.

மாவு வேறு கதை. அதில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் குளிரில் சாவதில்லை, மந்தமாகின்றன. ஃபிரிட்ஜுக்குள்ளும் மாவு மெதுவாகப் பொங்கிக்கொண்டும் புளித்துக்கொண்டும்தான் இருக்கும். அதனால்தான் குண்டானில் மேலே மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட வேண்டியிருக்கிறது, அதனால்தான் குண்டான் உயரமாக இருக்கிறது. ஃபிரிட்ஜ் தட்டுகளுக்கு நடுவில் இடைவெளி விட்டவர்கள் ஜூஸ் டப்பாவையும் பீட்சா பெட்டியையும் நினைத்து விட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு முறை மாவு அரைக்கும் வீட்டுக்கு லிட்டர் கணக்கைவிட அந்த இடைவெளி முக்கியம். எங்கள் குண்டான் மூடியோடு 27 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம். நிறைந்தால் ஆறேழு கிலோ. தட்டு கெட்டிக் கண்ணாடியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லிட்டர் கணக்கிலும் ஒரு கண் வைக்க வேண்டும். லேபிளில் இரண்டு எண் இருக்கும். ஒன்று மொத்தக் கொள்ளளவு, மற்றது உண்மையில் பொருள் வைக்கக்கூடிய கொள்ளளவு. கடையில் உரக்கச் சொல்வது முதல் எண்ணை. நீங்கள் இரண்டாவதைப் பாருங்கள்.

நட்சத்திரக் கதையும் அப்படித்தான். 2006இல் இந்த நட்சத்திர லேபிள் வந்தது முதல் அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். 2023 ஜனவரியில் இறுக்கியபோது பழைய ஐந்து நட்சத்திரங்கள் பல கீழே இறங்கின. ஆகவே நட்சத்திரத்தை எண்ணாமல், லேபிளில் அச்சடித்திருக்கும் ‘வருஷத்துக்கு இத்தனை யூனிட்’ என்பதைப் படியுங்கள். எந்த வருஷத்து லேபிள் என்பதையும் சேர்த்துத்தான். நாங்கள் பார்த்த இரண்டு மாடல்களுக்கு வித்தியாசம் 60 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 300 ரூபாய். விலை வித்தியாசம் 4000. போட்ட காசு திரும்பப் பதிமூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். மூன்று நட்சத்திரத்தையே எடுத்தோம். இந்தக் கணக்கை ஏ.சி.க்கு அப்படியே போடாதீர்கள், அது தின்கிற கரண்ட் வேறு.

“இது இன்வெர்ட்டர் மாடல்ம்மா” என்றார் தம்பி, துருப்புச்சீட்டை இறக்குவது போல.

“அப்போ கரண்ட் போனாலும் ஓடுமா தம்பி?”

“இல்லம்மா. அது வேற இன்வெர்ட்டர்.”

“வேற இன்வெர்ட்டர்னா எதுக்கு அதே பேரு?”

அத்தையின் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. விஷயம் இதுதான்: பழைய கம்ப்ரஸர் ஓடினால் முழு வேகம், நின்றால் முழு ஓய்வு. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும். சத்தம் குறைவு, கரண்ட் குறைவு. கிளம்பும்போது ஒரேயடியாகக் கரண்ட்டை இழுக்காது, அதனால் வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் அதற்கும் பாரம் குறைவு. அதன் பலவீனம் எலக்ட்ரானிக் போர்டு. ‘கம்ப்ரஸருக்குப் பத்து வருஷ வாரண்டி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். போர்டுக்கும் கேஸுக்கும் எத்தனை வருஷம் என்று தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்று.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்பதற்கு வீட்டு வோல்டேஜ்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் சாயங்காலம் டியூப் லைட் கண் சிமிட்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து அளந்தோம், 180க்குப் பக்கத்தில் வந்தது. புது ஃபிரிட்ஜில் எழுதியிருக்கும் வோல்டேஜ் எல்லைக்குள் அது அடங்கியதால் ஸ்டெபிலைசர் வாங்கவில்லை.

விலை பேசும்போது எனக்குச் சின்ன வயசு ஞாபகம். விழுப்புரத்து மாமா, கடலூர் சித்தப்பா என்று யாராவது பாண்டிச்சேரிக்கு வண்டி வைத்துக்கொண்டு வருவார்கள். இங்கே வரி குறைவு, டி.வி.யோ ஃபிரிட்ஜோ வாங்கினால் லாபம். எங்கள் வீட்டில் சாப்பாடு. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது, அந்த விருந்தும் நின்றது. முதலில் 28 சதவீதம், 2018 ஜூலை 27 முதல் 18. இரண்டு ஊரிலும் ஒரே வரிதான். அத்தை விடவில்லை: “நம்ம திருபுவனை ஃபேக்டரியில செய்யறதுதானே, லாரி வாடகை இல்லையே, கொறைச்சுப் போடு.” திருபுவனையில் வேர்ல்பூல் தொழிற்சாலை இருப்பது உண்மை. அங்கே செய்வது வாஷிங் மெஷின் என்று தம்பி பணிவாகச் சொன்னார். இருந்தாலும் ஐந்நூறு குறைத்தார்.

கடைசியில் வாங்கியது 240 லிட்டர் சொச்சம், ஃபிராஸ்ட் ஃப்ரீ டபுள் டோர். நிறம் சாம்பல். பெரியவளுக்குப் பூப்போட்ட சிவப்பு வேண்டும் என்று வருத்தம். ஆறு பேருக்கு இது சிறியது என்று கடையில் 330க்குத் தள்ளினார்கள். என் அபிப்பிராயம், பெரிய ஃபிரிட்ஜ் வாங்கினால் மிச்சம்தான் பெரிதாகும். மூன்று நாள் ரசம் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். தினமும் காய்க்காரர் தெருவுக்கு வருகிற ஊரில் ஒரு வாரக் காயை அடைத்து வைத்து என்ன செய்வது? நகரத்துக்கு வெளியே, வாரம் ஒருமுறை சந்தைக்குப் போகிற குடும்பத்துக்கு என் பேச்சு பொருந்தாது.

வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். நிறுத்தி வைத்துச் சில மணி நேரம் கழித்துத்தான் சுவிட்சைப் போட வேண்டும், கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்பட்டும் என்று. சின்னவன் எதிரிலேயே உட்கார்ந்து காவல் இருந்தான். தெருக்கோடி வீட்டுப் பாட்டி பார்க்க வந்தார். அவருடைய கணவர் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா. பாட்டி இன்னமும் ‘ஃப்ரிஜிதேர்’ என்றுதான் சொல்வார். ஃபிரிஜிடேர் என்பது ஒரு கம்பெனியின் பெயர், நாம் ஜெராக்ஸ் என்பதைப் போல பிரான்சில் அதுவே பொருளின் பெயராகிவிட்டது. “புது ஃப்ரிஜிதேருக்குக் குங்குமம் வச்சியாடி?” என்றார். வைத்தோம்.

முதலில் உள்ளே போனது மாமாவின் இன்சுலின். அதற்கு 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும், பின்சுவரில் காற்று வரும் ஓட்டைக்கு எதிரே வைத்தால் உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலினைக் கரைத்துப் போடக்கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான். ஆகவே நடுத்தட்டு, நடு இடம், மூடிபோட்ட டப்பா, மேலே மாமாவின் கையெழுத்து. பொன்லேட் பாலும் கதவிலிருந்து அதே தட்டுக்கு மாறிவிட்டது. கரண்ட் போனால் கதவைத் திறக்காதே என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். மூடியே இருந்தால் கீழ்ப்பகுதி நாலு மணி நேரம் குளிர் காக்கும், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள்வரை தாங்கும். அடுத்த ஐப்பசி கார்த்திகைக்கு இந்தக் கணக்கு வேண்டியிருக்கும்.

இரண்டாவதாகக் குண்டான். கீழிருந்து இரண்டாம் தட்டு, வலது பக்கம். ஒரு விரல்கடை மிச்சம்.

பழைய ஃபிரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் எடுத்துப்போக வந்தவர்களிடம் அத்தை காய்கறி டிரேயை மட்டும் கொடுக்கவில்லை. பதினாலு வருஷம் சாய்த்துச் சாய்த்தே எடுத்த அந்த டிரே இப்போது மொட்டை மாடியில் இருக்கிறது. அடியில் நாலு ஓட்டை, உள்ளே புதினா.